முட்டைக்குப் பயந்து வாங்கிய கேமரா

காரின் முன் கண்ணாடியில் பொருத்தும் டாஷ்கேம் ஒன்றைக் கடந்த ஆடி மாதத்தில் 7,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மாதம் ஒரு முறையாவது தாம்பரத்திலிருந்து லால்குடிக்குப் போய்வருகிறவன் என்பதால், இந்தப் பதினொரு மாதங்களில் அது என்னோடு ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறது. குறைநிறைகளைச் சொல்ல அந்தத் தொலைவு போதும் என்று நினைக்கிறேன். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதே உருவமும் இதே மெனுவும் இதே எழுத்துப்பிழைகள் கொண்ட கையேடும் நான்கைந்து பெயர்களில் விற்பனையாவதைப் பிறகுதான் கவனித்தேன். ஆகையால் இதை ஒரு வகைப் பொருளைப் பற்றிய மதிப்புரையாகவும், அந்தப் பொருளை நம் கையில் கொண்டுவந்து சேர்க்கும் அச்சத்தைப் பற்றிய மதிப்புரையாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

என்னை வாங்கவைத்தது ஒரு முட்டை. லால்குடியிலிருக்கும் என் சித்தப்பா, ஓய்வுபெற்ற நாளிலிருந்து குடும்பத்தின் சாலைப் பாதுகாப்புத் துறையைத் தாமே ஏற்றுக்கொண்டவர். நான் கிளம்பும் செய்தி அவர் காதுக்கு எட்டிய அரை மணி நேரத்துக்குள் ஓர் எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அவற்றில் மூத்தது இது: இரவில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது யாரேனும் முன் கண்ணாடியில் முட்டையை எறிந்தால், வண்டியை நிறுத்தக் கூடாது, வைப்பரைப் போடக் கூடாது, தண்ணீர் அடிக்கவே கூடாது, முட்டையோடு தண்ணீர் சேர்ந்தால் பால்போல் வெளுத்துப் பார்வையில் 92.5 விழுக்காட்டை மறைத்துவிடும். வேறு வழியின்றி ஓரங்கட்டும்போது காத்திருக்கும் கொள்ளையர்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் ஆங்கிலத்தில் சுற்றிய செய்திதான் இது. ஊர்ப்பெயர் மட்டும் போகிற இடமெல்லாம் மாறும், அந்த 92.5 மட்டும் மாறாது. எனக்கு வந்த பதிப்பில் இடம் திண்டிவனம் புறவழிச்சாலை என்றிருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, கேமரா விற்கும் ஒரு பக்கத்தின் விளம்பரக் காணொளியிலும் அதே முட்டை வந்து உடைந்தது. மனைவியின் வற்புறுத்தலும் சேர்ந்துகொள்ள, பணத்தைக் கட்டிவிட்டேன்.

கேமரா வந்த ஞாயிற்றுக்கிழமையே அதை முட்டையைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் பக்கத்து வீட்டு நண்பர் எறிந்தார், நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தேன், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முதல் முட்டைக்குச் செய்தி சொன்னதற்கு நேர்மாறாக உடனே தண்ணீர் அடித்து வைப்பரை வேகமாக ஓடவிட்டேன். முதல் இரண்டு மூன்று வீச்சுகளில் மஞ்சள் கரு வில்போல் இழுபட்டு, வெள்ளைக்கரு நுரைத்து, பார்வை உண்மையிலேயே கலங்கியது. மழைக்கால லாரி அடித்த சேறு கண்ணாடியில் பட்டால் எப்படியோ அப்படி. இரண்டாம் முறை தண்ணீர் அடித்து, மொத்தம் ஏழெட்டு வீச்சுகள் முடிந்தபோது, ஓட்டுவதற்குப் போதுமான அளவு தெளிந்துவிட்டது. ஓரங்களில் மட்டும் மெல்லிய படலம் மிஞ்சியது. இரண்டாவது முட்டைக்குச் செய்தியின் அறிவுரையைப் பின்பற்றினேன். எதையும் தொடாமல் வெயிலில் அரை மணி நேரம் விட்டேன். அது கோந்துபோல் ஒட்டிக்கொண்டது. வைப்பர் அதன்மேல் கறகறவென்று உரசியதோடு சரி. கடைசியில் துணியும் சோப்புத் தண்ணீரும்தான் தேவைப்பட்டன.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. முட்டையின் வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஏற்கெனவே தண்ணீர்தான். அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் அது திடீரென்று பாலாகிவிடப் போவதில்லை. அந்த அரை விழுக்காட்டைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எந்தக் காரில், எந்த வேகத்தில், எத்தனை முட்டைக்கு அளந்து 92 என்றும் சொல்லாமல் 93 என்றும் சொல்லாமல் நடுவில் நின்றார்கள்? புளுகுக்குப் புள்ளி வைத்தால் அது அறிவியல்போல் தோன்றுகிறது என்பதை அந்தச் செய்தியை முதலில் எழுதியவர் நன்றாக அறிந்திருக்கிறார். இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கலங்கிய கண்ணாடி தெளிய நான்கு விநாடி என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 90 மீட்டர் தொலைவை அரைக் குருடாகக் கடக்கிறோம். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கி, தண்ணீர் அடிப்பதுதான் உயிரைக் காக்கும். செய்தியோ கண்ணாடியைத் துடைக்காதே, நிற்காதே, ஓடு என்கிறது. கொள்ளையன் வருகிறானோ இல்லையோ, முன்னால் போகும் டிப்பர் லாரி நிச்சயம் வரும்.

இந்தச் சோதனையைக் கேமரா எப்படிப் பதிவு செய்தது என்று கேட்டால், அழகாக, முட்டையை மட்டும் பதிவு செய்தது. கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் கருவி கண்ணாடியில் பட்டதைத்தான் பார்க்கும். எறிந்த நண்பர் இடப்பக்கத் தூணருகே நின்றதால், படத்தில் அவருடைய முழங்கை மட்டுமே தெரிந்தது. ஓடும் வண்டியாக இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. ‘முட்டை எறிந்தவரைக் காட்டிக்கொடுக்கும்’ என்ற விளம்பர வாசகத்தை நம்பி வாங்கியவன் என்ற முறையில், அது பொய் என்று பதிவு செய்வது என் கடமை.

இனி கருவியைப் பற்றி. 2கே தெளிவு, 140 பாகை அகலப் பார்வை, மூன்று நிமிடத் துண்டுகளாகப் பதிந்து நிரம்பியதும் பழையதன்மேல் எழுதிக்கொள்ளும் முறை, அதிர்ச்சி பட்டால் அந்தத் துண்டைப் பூட்டிவைக்கும் உணரி ஆகியவை உண்டு. பேட்டரிக்குப் பதில் மின்தேக்கி வைத்திருப்பது இதன் பெரிய நல்ல அம்சம்; சித்திரை வெயிலில் கதவடைத்து நிற்கும் காருக்குள் லித்தியம் பேட்டரி உப்பிப்போகும், மின்தேக்கி அந்தச் சூட்டைத் தாங்கும். வாங்குகிறவர்கள் மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். பகலில் படம் மிக நன்று. ஆனால் அகலப் பார்வைக்கு விலை உண்டு: எட்டுப் பத்து மீட்டருக்கு அப்பால் எண்பலகை வெறும் வெள்ளைக் கட்டமாகிவிடுகிறது. இரவில் இன்னும் மோசம். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு வந்திருக்கும் உயர்பாதுகாப்பு எண்பலகைகள் வெளிச்சத்தைத் திருப்பியடிப்பவை. நம் ஹெட்லைட் பட்டதும் அவை படத்தில் குழல்விளக்குபோல் எரிகின்றன, எண் தெரிவதில்லை. வண்டியின் நிறமும் வகையும் தெரியும், முன்னே வந்து நின்றால் எண்ணும் தெரியும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கூடவே கொடுத்த 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பதியும். தாம்பரம் – லால்குடி ஒரு வழிப் பயணத்துக்கு இது தாராளம். போய்வருவதற்குள் போன வழியின் தொடக்கம் அழிந்துவிடும். ஆறாவது மாதத்தில் அந்தக் கார்டு பழுதாகி, பத்து நாட்கள் எதுவும் பதியாமலே சிவப்பு விளக்கு சமர்த்தாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை தொலைபேசியில் பேசியபின், கார்டு உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். இடைவிடாமல் எழுதி அழிக்கத் தகுந்த வகைக் கார்டைத் தனியே வாங்கிப் போட்ட பிறகு தொல்லை இல்லை.

சித்தப்பாவின் எச்சரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கருவி என்ன செய்யும் என்று பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்துக்கொண்டேன். விளக்கில்லாமல் எதிரே வரும் காருக்கு டிம் அடிக்காதீர்கள், அடித்தால் திரும்பி வந்து சுடுவார்கள், அது ஒரு கும்பலில் சேர்வதற்கான சடங்கு என்று ஒரு செய்தி. இதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1993-இல் அங்கே அலுவலகம் அலுவலகமாக ஃபேக்ஸில் பறந்தது, செப்டம்பர் மாதத்தில் ஒரு வாரக்கடைசியையே அந்தச் சடங்குக்கான நாளாகக் குறிப்பிட்டது, அப்படி எதுவும் நடக்கவில்லை, காவல்துறையினர் மறுத்து மறுத்து ஓய்ந்தார்கள். நம் நெடுஞ்சாலையில் இதைக் கடைப்பிடிக்க முயன்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மாடு குறுக்கே நிற்கிறது என்பதற்கும், முன்னால் சோதனை நடக்கிறது என்பதற்கும், நீ முதலில் போ என்பதற்கும், நான் முதலில் போகிறேன் என்பதற்கும் நாம் டிம்தான் அடிக்கிறோம். அந்த மொழியையே கைவிட்டுவிட்டால் இரவில் எதிரும்புதிருமாக ஊமைகளைப்போல் வர வேண்டியதுதான்.

பெட்ரோல் பங்கில் ஒருவன் கொடுக்கும் விசிட்டிங் கார்டைத் தொட்டதும் மயக்கம் வரும் என்ற செய்தி 2008 வாக்கில் புறப்பட்டது. அதில் சொல்லப்படும் ஸ்கோப்போலமைன் உண்மையான மருந்துதான்; பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் பட்டையில் அது இருக்கிறது, அதையே பயணத்துக்குச் சில மணி நேரம் முன்னதாக ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். மணிக்கணக்கில் ஒட்டியிருந்து மெல்ல இறங்கும் மருந்து, ஓர் அட்டையை வாங்கிய விரல்நுனி வழியாக மறுநிமிடமே ஆளைச் சாய்க்காது. வாகன நிறுத்துமிடத்தில் வாசனைத் திரவியத்தை முகரச் சொல்லி மயக்கும் கதைக்கு மட்டும் ஒரு வேர் உண்டு: 1999-இல் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் ஒரு பெண் அப்படிப் புகார் கொடுத்தார், பரிசோதனையில் மயக்கமருந்து எதுவும் தென்படவில்லை. அந்தக் கடைசி வரி எந்தப் பகிர்விலும் பயணம் செய்ததில்லை.

இவற்றையெல்லாம் பொய் என்று தள்ளிவிட்டு நெடுஞ்சாலையில் கொள்ளையே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கி வாசலில் பத்து ரூபாய்த் தாள்களைக் கீழே போட்டுவிட்டு, ‘சார், உங்கள் பணம் விழுந்துவிட்டது’ என்று குனியவைத்துப் பையைத் தூக்கிப் போவது நம் ஊர்க் காவல்நிலையங்கள் பலமுறை கண்ட வழக்கு. டில்லியில் சிக்னலில் நிற்கும் காரின் கண்ணாடியைத் தட்டி, எண்ணெய் ஒழுகுகிறது, டயரில் காற்றில்லை என்று சொல்லி ஓட்டுநரை இறக்கும் கும்பலுக்கு அந்தத் தட்டும் ஓசையை வைத்தே ‘டக்டக்’ என்று பெயர் வந்துவிட்டது. 2023 ஜனவரி இறுதியில் பெங்களூரின் சர்ஜாபூர் சாலைப் பகுதியில், பின்னிரவில் ஒரு தம்பதி சென்ற கார்மீது இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் வேண்டுமென்றே மோதிவிட்டு, இறங்கச் சொல்லித் துரத்திய காட்சி காரின் கேமராவில் அப்படியே பதிவாகி, இருவரும் கைதானார்கள். இந்த மூன்றுக்கும் சித்தப்பாவின் பகிர்வுகளுக்கும் உள்ள வேறுபாடு பார்த்தவுடனே தெரியும்: இவற்றில் இடம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, பிடிபட்ட ஆள் இருக்கிறான், கருவியாகப் பத்து ரூபாய்த் தாளும் வாய்ப்பேச்சும் போதுமானவையாக இருக்கின்றன. பால்போல் மாறும் முட்டை தேவைப்படவில்லை.

கேமராவை வாங்க எண்ணுகிறவர்கள் இங்கேதான் யோசிக்க வேண்டும். உண்மையான திருட்டுகளில் பெரும்பாலானவற்றில் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. வங்கி வாசலிலோ சாப்பாட்டுக் கடை முன்போ நிறுத்திச் சாவியை எடுத்த மறுவிநாடி, சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் பெறும் இந்தக் கேமரா கண்ணை மூடிக்கொள்கிறது. பக்கக் கண்ணாடியை உடைத்து மடிக்கணினியை எடுப்பவனை அது பார்க்காது. விழித்திருந்தாலும் முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமராவுக்குப் பக்கவாட்டில் நடப்பது தெரியாது. நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டுமென்றால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்கும் இணைப்பு வேண்டும். அது பெட்டியில் இல்லை, தனி விலை. எந்தக் குற்றத்தைக் காட்டிப் பயமுறுத்தினார்களோ அதற்கு இது உதவாது, எந்தக் குற்றம் நடக்கிறதோ அதற்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் நிலைமை.

நேரடியாகப் பயன்பட்டது ஒரு முறை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் முன்னால் நின்ற லாரி பின்னோக்கி உருண்டு என் பம்பரை நசுக்கியது. நான்தான் பின்னால் வந்து இடித்தேன் என்று ஓட்டுநர் அடித்துப் பேசினார். படத்தை அலைபேசியில் போட்டுக் காட்டியதும் அடங்கி, பத்தே நிமிடத்தில் பேசி முடித்துக்கொண்டார். வழக்கு என்று போயிருந்தால் வெறும் படம் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் இணைக்க வேண்டும்; ஆகவே மூல கார்டை அழிக்காமல் எடுத்து வைப்பது நல்லது.

மார்கழியில் ஓர் இரவு நடந்ததை எழுதாமல் இந்த மதிப்புரை நிறைவு பெறாது. சித்தப்பாவை மருத்துவரிடம் காட்டுவதற்காகச் சென்னைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். மேல்மருவத்தூரை நெருங்கும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. இடப்பக்க ஓரத்தில் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், இன்னொருவர் சாலைக்குள் இரண்டடி வந்து கையை ஆட்டினார். ‘நிறுத்தாதே தம்பி, இதைத்தான் போட்டிருந்தான்’ என்று சித்தப்பா என் தோளைப் பிடித்தார். விபத்துபோல் நடித்து வண்டியை நிறுத்தவைக்கும் கும்பலைப் பற்றி அந்த வாரம்தான் ஒரு செய்தி வந்திருந்தது. நான் நிறுத்தவில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி வெளிச்சமாக இருந்த பெட்ரோல் பங்கில்தான் நிறுத்தினேன். அங்கிருந்து 108-க்குச் சொன்னேன். பங்கு ஊழியர்கள் இரண்டு பேர் பைக்கில் போனார்கள். ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து போனதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைக் கணினியில் பார்த்தேன். காட்சி மொத்தம் நான்கு விநாடி. ஹெட்லைட் வெளிச்சம் நுழைந்ததும் முதலில் தெரிவது தார்ச்சாலையில் மூடி கழன்று உருண்டு கிடக்கும் தூக்குச்சட்டி. அடுத்து, கையை ஆட்டியவரின் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை இறங்கியிருக்கும் கறுப்புக் கறை. உட்கார்ந்திருந்தவர் ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டியிருப்பது. என் கண் முன்னால்தான் இவை அனைத்தும் இருந்தன. எனக்குத் தெரிந்தவை ஒரு மொபெட்டும் இரண்டு ஆட்களும் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் மட்டுமே. இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதில் கருவிக்குப் பெருமை இருக்கிறது, எனக்கு இல்லை.

அந்த மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. அடிபட்டவருக்கு உதவுகிறவரைக் காவல்துறையோ மருத்துவமனையோ அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள், 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே வந்துவிட்டன. நிற்கிறவனுக்கு வரக்கூடிய தொல்லைகளை நீக்க இத்தனை ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். நிற்காதே என்று சொல்ல ஒரு பகிர்வு போதுமானதாக இருக்கிறது. தனியாக, இருட்டில், ஆளரவமற்ற இடத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 108, 112, தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1033 ஆகிய எண்களில் ஒன்றை ஓடும் வண்டியிலிருந்தே உடன் வருபவர் அழைக்கலாம். எனக்கு வந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூட இந்த எண்களைப் போட்டிருக்கவில்லை.

கேமராவில் கையேடு சொல்லாத ஒரு குறையும் உண்டு. லால்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்பதற்காகப் பள்ளிக்கூடத்தின் அருகில் நிறுத்தினேன். கண்ணாடியின் பின்னே சிமிட்டிய சிவப்பு விளக்கைக் கண்ட இரண்டு பேர், ‘ஏங்க, எதுக்குப் பிள்ளைங்களைப் படம் எடுக்கிறீங்க?’ என்று கதவருகே வந்துவிட்டார்கள். விளக்கிச் சொன்னதும் சிரித்து வழிகாட்டினார்கள் என்றாலும், அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு அத்திமூர்தான் நினைவுக்கு வந்தது. 2018 மே 9 அன்று, சென்னையிலிருந்து காரில் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் நின்றது. அவர்களோடு மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் இருந்தார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் திரண்டு தாக்கியதில், 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்த ஊருக்கும் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் எச்சரிக்கைகள் போய்ச் சேர்ந்திருந்தன. 2020 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் இரண்டு துறவிகளும் அவர்களுடைய கார் ஓட்டுநரும் அடித்துக் கொல்லப்பட்டதற்கும் முன்பாக அங்கே திருடர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்திதான் பரவியிருந்தது. காரில் போகிறவனுக்கு ஊர்க்காரன் கொள்ளையனாகத் தெரிய ஒரு செய்தி, ஊர்க்காரனுக்குக் காரில் வந்தவன் கடத்தல்காரனாகத் தெரிய இன்னொரு செய்தி; இரண்டையும் அனுப்புகிறவர்கள் சித்தப்பாவைப்போல் நல்லவர்கள்தான். அன்று மாலையே மெனுவுக்குள் போய் அந்தச் சிவப்பு விளக்கை அணைத்துவைத்தேன். வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். ஊருக்குள் நிறுத்தும்போது ஒலிப்பதிவையும் நிறுத்துவது நாகரிகம்.

2018-ஆம் ஆண்டின் அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரல் முதல், பலமுறை பகிரப்பட்டதற்கான இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும். சித்தப்பாவின் முட்டைக்கு அந்தக் குறி இல்லை. விசாரித்தபோது, எழுத்து முழுவதையும் நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்புவதாகவும், அப்படி அனுப்பினால்தான் எல்லாரும் மதித்துப் படிக்கிறார்கள் என்றும் பெருமையாகச் சொன்னார்.

மதிப்பெண் கேட்டால் கேமராவுக்கு ஐந்துக்கு மூன்று. பகல் படத்துக்கும், வெயிலைத் தாங்கும் அமைப்புக்கும், விக்கிரவாண்டியில் மிச்சப்படுத்திய பம்பர் செலவுக்கும் அந்த மூன்று. இரவில் தெரியாத எண்பலகைக்கும், பழுதானதைச் சொல்லாத கார்டுக்கும், விளம்பரத்தில் பொய்யாக உடைத்த முட்டைக்கும் இரண்டைக் குறைத்துவிட்டேன். அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்கள், விபத்து வழக்கிலும் காப்பீட்டிலும் உதவும் என்ற அளவில் வாங்கலாம். முன்னும் பின்னும் பார்க்கும் இரட்டைக் கேமராவையும் ஃபியூஸ் இணைப்பையும் சேர்த்து 12,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல வைப்பர் பிளேடும், தண்ணீர்த் தொட்டியில் ஊற்றும் கண்ணாடி கழுவும் திரவமும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பழையதன்மேல் எழுதிக்கொண்டே போகும் கருவி என்பதால், மேல்மருவத்தூரின் அந்த நான்கு விநாடிகளை மட்டும் கணினியில் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.